மகிந்திரா சிஜே-3பி: டீசல் இறக்கலாமா, பழைய எஞ்சினையே எழுப்பலாமா?

கேள்வி, 12 மே 2024

அண்ணே, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்தில் தாத்தா ஓட்டிய சிஜே-3பி ஜீப், 1968 மாடல், பெட்ரோல் வண்டி. அவர் போனதிலிருந்து கொட்டகையில் நிற்கிறது. ஆர்சி புத்தகம் இருக்கிறது. எங்கள் ஊர் மெக்கானிக், “எஞ்சினைத் தூக்கிக் காய்லாங்கடையில் போடுங்க, டீசல் இறக்கிடலாம், பவர் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக், 31 இஞ்ச் டயர் எல்லாம் மாட்டிடலாம்” என்கிறார். வீட்டு முற்றத்தில் வைத்து நானே வேலை பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

12 மே, இரவு

முடியும். மெக்கானிக் கொடுத்த பட்டியலை மட்டும் அப்படியே தலைகீழாகத் திருப்பி வையுங்கள். முதலில் வண்டி நிற்க வேண்டும், அப்புறம் நேராகப் போக வேண்டும், அப்புறம் சூடாகாமல் ஓட வேண்டும். டயரும் விளக்கும் கடைசி. நான் போடிக்காரன், என்னிடமும் ஒரு 3பி இருக்கிறது, அதை இந்த வரிசையில்தான் எழுப்பினேன்.

எஞ்சினை இப்போதைக்குத் தொட விடாதீர்கள். அது வில்லீஸின் ஹரிக்கேன் எஃப்-134. 2,199 சிசி, நாலு சிலிண்டர், எழுபது சொச்சம் குதிரைத்திறன். உள்ளிழுக்கும் வால்வு ஹெட்டில், புகை வால்வு பிளாக்கில் என்று ஒரு வினோத அமைப்பு. ஹெட் உயரமாகி விட்டதால்தான் 3பிக்கு அந்தத் தூக்கலான பானெட். இந்தியச் சாலையில் நாம் ஜீப் என்றதும் நினைக்கும் முகம் அந்த எஞ்சின் கொடுத்தது. அழுத்த விகிதம் ஏழு சொச்சம்தான், எந்தப் பெட்ரோலையும் குடித்துவிட்டு ஓடும்.

13 மே

சாவி போட்டு செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள்! எழுத விட்டுப் போயிற்று, அதனால் காலையிலேயே வந்து எழுதுகிறேன்.

நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஹேண்டில் இல்லையென்றால் காய்லாங்கடையில் கிடைக்கும். கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்க வேண்டாம், மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். எஞ்சின் உதைத்தால் கட்டை விரல்தான் போகும்.

சுற்றினால் நல்லது. அடுத்து பிளாக்கின் பக்கவாட்டில், மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் வால்வு மூடியைத் திறந்து, ஒருவர் சுற்ற நீங்கள் பாருங்கள். புகை வால்வு நாலும் ஏறி இறங்குகிறதா? நின்ற வண்டியில் ஒன்றாவது மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். வால்வுத் தண்டில் ஊடுருவும் எண்ணெய் விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டினால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

13 மே, சாயங்காலம்

டாங்கியில் இருக்கும் பழைய பெட்ரோலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது இப்போது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். டாங்கி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்தான். முழுசாக இறக்கி வெளியே எடுங்கள். காலி டாங்கியில் வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

21 மே

சிலிண்டர் அழுத்தம் அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்: ஒன்றாம், நாலாம் சிலிண்டர் நூறு பிஎஸ்ஐயை ஒட்டி, இரண்டும் மூன்றும் அறுபதை ஒட்டி. ஆயில் விட்டுப் பார்த்தும் மாறவில்லை.

சந்தோஷப்படுங்கள். ஆயில் விட்டதும் அளவு ஏறியிருந்தால் ரிங் தேய்மானம், ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) வரைக்கும் போகும். ஏறவில்லை, அதுவும் பக்கத்து பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒரே அளவில் குறைவு என்றால் நடுவில் ஹெட் கேஸ்கட் ஊதியிருக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்து, கேஸ்கட் மாற்றி மூடுங்கள். திறந்திருக்கும்போது புகை வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இந்த எஞ்சினில் விரிசல் விடும் இடம் அது.

லேத்தில் “எல்லாத்தையும் ரீபோர் பண்ணிடலாம் சார்” என்று ஆசை காட்டுவார்கள். எனக்கும் காட்டினார்கள். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து காட்டச் சொன்னேன், பேச்சு நின்றுவிட்டது.

பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் அறைத் துளைகளை மூடியிருக்கும் டம்மிகளையும் இப்போதே கழற்றிவிடுங்கள். பின்பக்க டம்மிக்கு உள்ளே கெட்டியாகச் செம்மண் மாதிரி துரு அடைந்திருக்கும். ரேடியேட்டரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் கம்பம் மெட்டு ஏறும்போது வண்டி கொதிப்பது இதனால்தான். கம்பியை வளைத்துச் சுரண்டி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அடியுங்கள்.

28 மே

சரி, டீசல். பழைய எஞ்சினைத் தொட விடாதீர்கள் என்றதற்கு இங்கே மூன்று பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், பதில் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் போடி, கம்பம், குமுளி வட்டாரத்தில் பாதி ஜீப்புக்கு டீசல் இறக்கினார்கள். விடியற்காலையில் ஏலக்காய் எடுக்க ஆள் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குள் ஏறி, சாயங்காலம் இறங்கும் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாது. அதில் நியாயம் இருந்தது. கூடவே முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டையும் கழற்றிப் போட்டு ஃபோர் வீலை டூ வீலாக்கினார்கள். அதிலும் பிழைப்புக் கணக்குதான்.

உங்கள் நிலைமை வேறு. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்வர ஒரு வண்டி. மகிந்திராவின் எம்எம்540 ஜீப்பில் வந்த பெஜோ டீசல் எக்ஸ்டிபி 4.90, 2,112 சிசி, 62 குதிரைத்திறன். உங்கள் பெட்ரோல் எஞ்சினைவிட அது குறைவு என்பதை மெக்கானிக்கிடம் சொல்லிப் பாருங்கள். இதற்கு மவுண்டிங் வெட்ட வேண்டும், கியர்பாக்ஸ் மாற வேண்டும், பெரிய பேட்டரி வேண்டும்.

அப்புறம் காகிதம். எரிபொருள் வகை மாறினால் ஆர்சியில் ஏற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஆர்டிஓ அலுவலகங்களில் கெடுபிடி. ஆர்சியில் பெட்ரோல், பானெட்டுக்கு அடியில் டீசல் என்று ஓட்டினால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் முதலில் திறப்பது பானெட்டைத்தான்.

மைலேஜ் எவ்வளவு என்று கேட்டவருக்கு: என் வண்டி லிட்டருக்கு எட்டைத் தாண்டினால் அன்றைக்கு நான் இறக்கம் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன் என்று அர்த்தம்.

29 மே

“ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது, விண்டேஜ் நம்பர் வாங்கலாமே?” நல்ல கேள்வி. 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. 50 ஆண்டைத் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு ‘விஏ’ வரிசை. புதிதாகப் பதிய கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்குக் கிடையாது. டீசல் இறக்கினால் அந்தக் கதவு அடைபட்டது. அதைவிட முக்கியம், அந்த நம்பரில் தினப்படி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்று சிலவற்றுக்குத்தான் அனுமதி.

தோட்டத்துக்குப் போகிறவருக்கு அது எதற்கு? இருக்கிற ஆர்சியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

9 ஜூன்

பிரேக். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

3பியில் நாலு சக்கரத்துக்கும் 9 இஞ்ச் டிரம், ஒரே ஒரு ஹைட்ராலிக் வட்டம். எங்காவது ஒரு ரப்பர் குழாய் கிழிந்தால் நாலும் போயிற்று. மாஸ்டர் சிலிண்டர் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே, சேற்றிலும் தண்ணீரிலும் குளித்துக்கொண்டு இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும், மூடி லூஸாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மலை இறங்கும்போது டிரம் சூடேறி அந்த ஈரம் கொதித்து ஆவியானால் பெடல் தரையோடு போய் உட்காரும்.

பின் டிரம்மைக் கழற்றுவது தனிக் கலை. பின் ஆக்சில் முனை கூம்பு வடிவம், அதில் சாவிக் கட்டை வைத்து ஹப் இறுகி உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் டிரம் விளிம்பில் அடித்தால் டிரம்தான் உடையும், ஹப் அசையாது. அதற்கென்று ஹப் புல்லர் இருக்கிறது. போடியில் எனக்கு ஒரு பழைய பட்டறையில் இரவல் கிடைத்தது, பிறகு லேத்தில் கொடுத்து ஒன்று செய்துகொண்டேன்.

செய்யும் முறை இது. ஆக்சில் நட்டின் பிளவூசியை எடுத்து நட்டைத் தளர்த்துங்கள், முழுசாகக் கழற்றாதீர்கள். நாலைந்து மரை பிடித்தபடி இருக்கட்டும். புல்லரை வீல் ஸ்டட்டில் மாட்டி நடு போல்டை இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு. வராது. அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். என் வண்டியில் நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது ‘டொப்’ என்று வெடி வெடித்த மாதிரி சத்தம், பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. போய்ப் பார்த்தால் அத்தனை கனமான ஹப்பும் டிரம்மும் அந்த நட்டின் மேல் வந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. நட்டு இல்லையென்றால் முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போயிருக்கும்.

உள்ளே வீல் சிலிண்டர் நாலையும் புதிதாகப் போடுங்கள், கிட் மட்டும் மாற்றிச் சிக்கனம் பார்க்காதீர்கள். உள் சுவரில் குழி விழுந்திருந்தால் புது ரப்பர் ஒரு மழைக்காலம் தாங்காது. குழாய்கள் மொத்தமும் புதிது. முடிந்தால் மாஸ்டர் சிலிண்டரை இரட்டை வட்டத்துக்கு மாற்றுங்கள், முன்னால் போனாலும் பின்னால் பிடிக்கும். நான் ஒத்துக்கொள்ளும் முதல் அப்கிரேட் இதுதான்.

டிஸ்க் வேண்டாம். டிரம்மைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

10 ஜூன்

இடப்பக்க வீல் நட் கழலவில்லை, பைப் போட்டு நின்று ஏறி மிதித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, இறங்குங்கள் முதலில். ஸ்டட் முனையில் ‘எல்’ என்று குத்தியிருக்கிறதா பாருங்கள். பழைய வில்லீஸ் வழி வண்டிகளில் இடப்பக்கம் எதிர்மரை. நீங்கள் இத்தனை நேரம் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

30 ஜூன்

ஸ்டீயரிங் கால் சுற்று சும்மா சுற்றுகிறது, நாற்பதில் முன்பக்கம் உதறுகிறது, அதனால் பவர் ஸ்டீயரிங். இப்படித்தான் எல்லோரும் வருகிறார்கள். தேய்ந்த இணைப்புகளுக்கு மேல் பவர் ஸ்டீயரிங் போட்டால் அதே ஆட்டத்தை ஒற்றை விரலால் ஆடலாம், அவ்வளவுதான்.

முன் குறுக்குச் சட்டத்தின் நடுவில் பெல் கிராங்க் என்று ஒரு கை இருக்கும். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வரும் கம்பி அதைத் தள்ளும், அது இரண்டு சக்கரத்தையும் திருப்பும். ஒருவரை ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே படுத்து அந்தக் கையைப் பாருங்கள். திரும்புவதற்கு முன்னால் மேலும் கீழும் குதித்தால் அதன் அச்சான பின்னும் புஷ்ஷும் தேய்ந்து போயிற்று. லேத்தில் புதுப் பின் கடைந்து ஊசி பேரிங் மாற்றினால் பாதி ஆட்டம் அங்கேயே நிற்கும்.

மீதிப் பாதி கிங் பின், முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம் தகடுகளைக் குறைத்து பேரிங்கை இறுக்க வேண்டும். இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைக் கழற்றிவிட்டு, நக்கிளின் (சக்கரத்தோடு திரும்பும் ஆக்சில் முனை) கையில் மீன் கடைக்காரர் வைத்திருக்கும் வில் தராசை மாட்டி இழுத்துப் பார்த்து, மேனுவல் சொல்லும் எடைக்குக் கொண்டுவருவதுதான் முறை. ரொம்ப இறுக்கினால் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. இதையெல்லாம் முடித்துவிட்டுப் பவர் ஸ்டீயரிங் வேண்டுமா என்று யோசியுங்கள். 6.00-16 டயரில் ஓடும்போது எனக்கு வேண்டியிருக்கவில்லை. வண்டி நகராமல் நிற்கும்போது திருப்பினால் தோள் வலிக்கும். நகர விட்டுத் திருப்புங்கள்.

நக்கிள் உருண்டைக்கு வெளியே கிரீஸ் வழிவதற்கு கம்பளி சீல் மாற்ற வேண்டும். கேட்டதற்காகச் சொன்னேன்.

18 ஆகஸ்ட்

நீங்கள் அனுப்பிய பாடி வேலைப் படத்தைப் பார்த்தேன். தரைத் தகட்டுக்கு அடியில் ‘யு’ மாதிரி வளைத்த பட்டைகள் இருக்கிறதே, துரு அங்கிருந்துதான் மேலே வருகிறது. மேலே தகடு ஒட்டிப் பட்டி பூசினால் ஒரு வருஷத்தில் பட்டி கொப்பளிக்கும். வெட்டுங்கள், நல்ல தகடு தெரியும்வரை வெட்டுங்கள். ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டில் ஓட்டை போடும். சிஓ2 வெல்டிங்காரரை வீட்டுக்கு வரச் சொல்லி, புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு அப்பளமாக நெளியும்.

முழு பாடியையும் புதிதாக வாங்கலாமா என்றால் வாங்கலாம், அரியானாவில் மண்டி டப்வாலி ஜீப் பாடி கட்டுவதற்கே பேர் போன ஊர். ஆனால் உங்கள் பாடிச் சட்டியில் முக்கால் பங்கு நன்றாக இருக்கிறது. தாத்தா உட்கார்ந்த இருக்கைப் பக்கத்து நெளிவை எடுக்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, அது உங்கள் வீட்டு விவகாரம்.

19 ஆகஸ்ட்

பேச்சு ஜோங்காவுக்குப் போய்விட்டது. ராணுவ ஏலத்தில் ஒன்று வருகிறது, வாங்கலாமா என்கிறார் ஒருவர். ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் செய்த நிசான் பேட்ரோல் அது. ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். வண்டி அருமை. பெட்ரோல் பங்க் உங்கள் சொந்தமா என்பது மட்டும்தான் கேள்வி.

22 செப்டம்பர்

டிஸ்க் வேண்டாம் என்று ஜூனில் ஒரே வரியில் அடித்தது இப்போது கொஞ்சம் அவசரமாகத் தெரிகிறது. டிரம்முக்குள் தண்ணீர் போனால் காயும்வரை பிரேக் இல்லை. ஓடை தாண்டித் தோட்டத்துக்குப் போகிறவருக்கு முன் டிஸ்க்கில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் டிஸ்க்கை மட்டும் மாட்டினால் போதாது. டிஸ்க்குக்கு அழுத்தம் அதிகம் வேண்டும், அதனால் வேக்குவத்தின் பலத்தில் மிதிக்கு உதவும் பூஸ்டர் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் மேனிஃபோல்டிலிருந்தே வேக்குவம் கிடைக்கும், டீசலில் தனி பம்ப் வேண்டும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் சிறு அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். அதை எடுக்காமல் விட்டால் டிஸ்க் விடாமல் உரசிக்கொண்டே வந்து சூடேறும். “டிஸ்க் போட்டேன், வண்டி இழுக்கவே இல்லை” என்று புலம்புகிறவர்களை விசாரித்தால் அந்த வால்வு உள்ளேயே இருக்கும்.

3 நவம்பர்

முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் குறைகிறது, கீழேயும் சொட்டவில்லை. எங்கே போகிறது? கியர்பாக்ஸைத் திறந்து பாருங்கள், அங்கே கூடுதலாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் சீல் தேய்ந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆயில் ஊரும்.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜிஎல்-4 என்று இருக்க வேண்டும். கடைக்காரர் ஜிஎல்-5 கொடுத்து இதுதான் ஒசத்தி என்பார். உங்கள் வண்டியின் டி-90 கியர்பாக்ஸில், கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையம் பித்தளை வகை, ஜிஎல்-5இல் கலக்கும் கந்தகச் சேர்மானம் அதை அரிக்கும். முதல் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது, வண்டி நின்ற பிறகு போடுங்கள்.

16 பிப்ரவரி 2025

வண்டி ஓடுகிறது, 31 இஞ்ச் டயர் ஆசை மட்டும் போகவில்லை போலிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆக்சில் விகிதம் 5.38. 6.00-16 டயரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுமார் 2,400 சுற்று. எண்பதில் 3,200. பிஸ்டன் 111 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் நீள ஸ்ட்ரோக் எஞ்சின் இது, எண்பதில் அது கத்துவது வலியில். பெரிய டயர் போட்டால் சுற்று குறையும் என்பது உண்மை. பதிலுக்கு 9 இஞ்ச் டிரம் பெரிய சக்கரத்தை நிறுத்த வேண்டும், ஏற்றத்தில் இழுவை குறையும். ஃபோர் லோவில் (நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவான நிலை) முதல் கியர் மொத்த விகிதம் 37க்கு 1. காலை எடுத்துவிட்டாலும் பாறைமேல் ஊர்ந்து ஏறும் அந்தச் சுகத்தைக் கெடுத்துக்கொள்வானேன்?

காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதீர்கள். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, வளைவில் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி லீவரே வராமல் இறுகிவிடும். இறுகிவிட்டால் ரிவர்ஸில் கொஞ்சம் போங்கள், விட்டுவிடும்.

24 ஆகஸ்ட்

பெட்ரோல் வாசம் உள்ளே வருகிறது, பம்ப்பில் கசிகிறது என்று இந்த வருஷம் கேட்காத ஆள் இல்லை. பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயும் பம்ப் டயாஃப்ரமும் அதைத் தாங்குகிற சரக்கு இல்லை. உப்பும், மெதுவாகும், கிழியும். டாங்கி உங்கள் இருக்கைக்கு அடியில் என்பதை நினைவில் வைத்து, குழாய்களையெல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். டயாஃப்ரம் கிட் வாங்கும்போதும் அதையே கேட்டு வாங்குங்கள். கிளாம்ப்பும் புதிது போடுங்கள்.

எத்தனால் ஈரம் உறிஞ்சும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். என் சோலெக்ஸ் கார்புரேட்டரின் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி மாதிரி படிந்திருந்தது, அது ஜெட்டை அடைத்துவிட்டால் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் நிற்காது.

19 அக்டோபர்

மழையில் மெட்டு ஏறும்போது வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடுகிறது, காலை எடுத்தால் படபடவென்று ஓடுகிறது, வயரிங் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். வயரே கிடையாது தம்பி. மேனிஃபோல்டிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வைப்பருக்குப் போகும் பாருங்கள், வேக்குவத்தில் ஓடுகிற வைப்பர் அது. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வேக்குவம் விழும், வைப்பரும் விழும். என் வண்டியிலும் அதுதான் இருந்தது. 12 வோல்ட் வைப்பர் மோட்டாருக்கு மாற்றி, தனி ஃபியூஸ் வைத்து, பழைய குழாயின் முனையை மேனிஃபோல்டில் இறுக அடைத்துவிட்டேன். அடைக்காவிட்டால் காற்று உள்ளே போய் ஐடில் தடுமாறும். மோட்டாரின் ஸ்பிண்டில் துளை விண்ட்ஷீல்டு சட்டத்தில் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருக்கும். துளை போட்ட விளிம்பில் பிரைமர் தடவாமல் மோட்டாரை மாட்ட வேண்டாம்.